விசில் சத்தத்துக்குச் சொந்தக்காரி

எங்கள் ஊரில் ஒருவர் கண்ணை மூடினால், சொந்தக்காரர்களுக்குத் தகவல் போவதற்கு முன்பே எனக்குப் போன் வந்துவிடும். திருவிடைமருதூர் கடைத்தெருவில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை என்னுடையது. ஹபீப் முகம்மது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பேனர் பாய் என்றால் பஸ் ஸ்டாண்டிலேயே கை காட்டுவார்கள். கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் ஒரே மெஷினில்தான் வருகின்றன. அத்தனைக்கும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டிசைன் செய்து தருகிறவர் அனுசுயா.

அனுசுயா ஒரு எழுத்தாளர். ஊரில் இதைச் சொன்னால், "பத்திரம் எழுதுறாங்களா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். கடையில் வேலை இல்லாத நேரத்தில் செல்போனில் கதை எழுதி, இணையத்தில் ஒரு தளத்தில் போடுவார். தளத்தின் பெயர் இங்கே வேண்டாம். அவர் எழுதியதை நான் படித்திருக்கிறேன். எனக்கு இலக்கியம் தெரியாது, ஆனால் ஒரு வரி பொய்யா மெய்யா என்று தெரியும். 'ஆலமரம் சாய்ந்ததே' என்று எத்தனை பேருக்கு அடித்திருக்கிறேன்! அவர்களில் பாதிப் பேர் முருங்கைமரம் கூட இல்லை. அனுசுயாவின் எழுத்தில் அந்த மாதிரிப் பொய் இருக்காது.

ஆனால் எழுதுவது ஒரு பங்கு வேலை என்றால், எழுதியதை இணையத்தில் வைத்துக்கொண்டு மாரடிப்பது ஒன்பது பங்கு. கதை போட்டால் கீழே நாலு பேர் "அருமை சகோ" என்பார்கள். கதையில் ஒருத்தி தூக்கில் தொங்கினாலும் அருமை சகோதான். முகம் தெரியாத ஒருவர் தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் அனுப்பி, மத்தியானம் "சாப்டீங்களா மேடம்" என்று கேட்பார். ஒரு குழு 'கவிச்சுடர்' பட்டம் கொடுத்தது. சான்றிதழ் வேண்டுமானால் கூரியர் செலவை அனுப்பச் சொன்னது. அனுசுயா அனுப்பவில்லை. கொஞ்ச நாளில் அதே பட்டத்தை ஒரு கோழிக்கடைக்காரர் வாங்கி, அதற்குப் பேனர் அடிக்க எங்களிடமே வந்தார். இன்னொரு சபை இணையவழியில் பேசக் கூப்பிட்டது. அவர் பேசி முடிக்கும்வரை யார் வீட்டிலோ மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்தச் சிரிப்பு நின்றது விசில் கதையில்தான்.

அவருடைய கணவர் தியாகேசன், கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். நிறுத்த ஒரு விசில், கிளம்ப இரண்டு விசில் என்பது ஊருக்கே தெரிந்த கணக்கு. தங்கள் தெருமுனை வந்தால் மட்டும் தியாகேசன் நீளமாக ஒன்று ஊதுவார். டிரைவர் வண்டியை லேசாக மெதுவாக்குவார். யாரும் ஏற மாட்டார்கள், யாரும் இறங்க மாட்டார்கள். அது அனுசுயாவுக்கு மட்டும். அடுத்த நடையில் சாப்பிட வருகிறேன், உலை வை என்று அர்த்தம். பஸ்ஸில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கே பொறாமையாக இருக்கும். நான் போன் செய்தாலே என் வீட்டில் எடுக்க மாட்டார்கள்.

மஞ்சள்காமாலையில் தியாகேசன் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகும் அந்த டிரைவர் தெருமுனையில் வண்டியை மெதுவாக்குவதை விடவில்லை. அனுசுயா ஒருநாள் கேட்டதற்கு, "வேணும்னு செய்யல தங்கச்சி. காலு தானா பிரேக்குக்குப் போயிடுது" என்றாராம். முதலாம் ஆண்டு நினைவஞ்சலிப் பேனருக்கு நான் வழக்கமான ஆலமரத்தை எடுத்து நீட்டியபோது அனுசுயா வேண்டாம் என்றார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தானே அடித்தார்:

உன் விசில் கேட்காத தெருமுனையிலும்
வண்டி மெதுவாகத்தான் போகிறது.

அந்த வாரமே அதைக் கதையாகவும் எழுதித் தளத்தில் போட்டார். பிறகு அந்த டிரைவரும் வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு அது எல்லாத் தெருமுனையும் போல ஒரு தெருமுனை, பறந்துகொண்டு போகிறார். ஆக, அந்த வண்டி மெதுவாகப் போகிற ஒரே இடம் இப்போது அந்தக் கதைதான். அதனால்தான் அதன் மேல் அனுசுயாவுக்கு உயிர்.

போன ஐப்பசியில் ஒருநாள் என் மனைவி கமருன்னிஸா சோறு போட்டுக்கொண்டே தன் போனை நீட்டினாள்.

"ஏங்க, இதப் படிச்சுப் பாருங்க. அழுதே போயிட்டேன். உங்க கடையில ஒரு பொண்ணு எழுதுது எழுதுதுன்னு சொல்றீங்களே, இந்த மாதிரி ஒண்ணு எழுதச் சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தேன். மேலே 'படித்ததில் பிடித்தது, கண்கலங்க வைத்த பதிவு' என்று இருந்தது. கீழே அனுசுயாவின் விசில் கதை. பெயர் மட்டும் இல்லை. தட்டைத் தள்ளி வைத்தேன்.

"இது அந்தப் பொண்ணு எழுதினதுதாண்டி."

"சும்மா இருங்க. இது துபாய்லேர்ந்து என் தங்கச்சி அனுப்புனது."

துபாயிலிருந்து வந்தது திருவிடைமருதூரில் எழுதியதாக இருக்க முடியாது என்பது அவள் கட்சி.

மறுநாள் கடையில் சொன்னேன். அனுசுயாவுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதற்குள் கதை ஊர் ஊராகச் சுற்றி வேஷம் மாறியிருந்தது. ஒன்றில் தியாகேசன் ரயில் டிரைவர். இன்னொன்றில் ராணுவ வீரர். யாரோ ஒருவர் புல்லாங்குழலைப் பின்னணியில் ஊதவிட்டு அதை வாசித்து வீடியோ போட்டிருந்தார். கம்ப்யூட்டரே வரைந்த படத்தில் அழுகிற பெண்ணுக்கு ஆறு விரல். கடைசியாக வந்ததில் மனைவி விசில் கேட்டதாக நினைத்து ஓடிவந்து, அதே பஸ்ஸில் அடிபட்டுச் சாகிறாள். கீழே, 'உறவுகளை நேசிப்போம், பத்துப் பேருக்குப் பகிர்வோம்.'

"பேர எடுத்தது கூடப் பரவால்ல பாய்," என்றார் அனுசுயா. "என்னையும் சேத்துச் சாவடிச்சுட்டானுங்க."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். ஆனால் யாரைத் திட்டுவது? திருடனுக்கு ஒரு முகம் வேண்டாமா? மாமாவும் அத்தையும் ஸ்கூல் டீச்சரும் என் மச்சினியும் சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே திருடினால் யாரைப் பிடித்துக் கட்டிவைப்பது?

அனுசுயா தளத்தில் புகார் கொடுத்தார். அந்தக் கதையைத் திருடிப் போட்டிருந்த ஒரு பக்கத்துக்காரர்கள், இவர்தான் தங்களைப் பார்த்து எழுதியதாகத் திருப்பிப் புகார் கொடுத்தார்கள். அவர்களிடம் ஆள் அதிகம். தளத்துக்காரர்கள் அனுசுயாவின் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். திறக்க வேண்டுமானால், கணக்குத் தொடங்கிய செல் நம்பருக்கு வரும் ஓடிபியைச் சொல்ல வேண்டும். அந்த நம்பர் தியாகேசனுடையது. ரீசார்ஜ் செய்ய ஆளில்லாமல் அடங்கிப்போய், இப்போது அது வேதாரண்யத்தில் ஒரு மீன் வியாபாரியிடம் இருக்கிறது. அனுசுயா அவரைக் கூப்பிட்டார். ஓடிபி என்ற வார்த்தையைக் கேட்டதும் அந்த மனிதர், "எங்கிட்டயேவா? போலீசுக்குப் போவேன்" என்று சத்தம் போட்டு வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. யார் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்றுதானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள்? தளத்துக்கு எழுதியதற்கு, 'உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியமானது' என்று மெஷின் பதில் போட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் வசந்தகுமாரின் போன் வந்தது. அவர் கும்பகோணத்தில் சின்னதாகப் பதிப்பகம் நடத்துகிறவர். அனுசுயாவின் கதைகளைப் புத்தகமாகப் போட ஒத்துக்கொண்டிருந்தார். முதல் புத்தகம். தலைப்பே 'தெருமுனை விசில்'. அதன் அட்டையை அனுசுயா எங்கள் கடையிலேயே டிசைன் செய்து, பேனர் துணியில் சின்னதாக ஒன்று அடித்துப் பார்த்து, யாரும் பார்க்காதபோது தடவிக்கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா," என்றார் வசந்தகுமார். "இது ஃபார்வர்டுல வந்த கதைன்னு படிச்சவங்க சொல்றாங்க. நான் உங்கள நம்புறேன். ஆனா ஏற்கெனவே ஒருத்தர் திருட்டுக் கதையக் குடுத்து என் பேரு கெட்டுப்போச்சு. நீங்கதான் முன்னாடி எழுதினீங்கன்னு தேதியோட ஏதாவது இருந்தா காட்டுங்க. இல்லன்னா அந்தக் கதைய எடுத்துடலாம்."

நான் போனைப் பிடுங்கி, நான் சாட்சி என்றேன். "நீங்க முதலாளி பாய். அவங்களுக்காகத்தானே பேசுவீங்க" என்றார், மரியாதையாகத்தான்.

கதை போட்ட தேதி, பூட்டிய கணக்குக்குள் இருந்தது. பழைய போன் கீழே விழுந்து என்றோ உயிரை விட்டிருந்தது. கடைக் கம்ப்யூட்டரில் பேனர் ஃபைல்கள் இடத்தை அடைக்கும் என்று அவ்வப்போது அழித்துவிடுவோம். மிச்சம் ஒன்றுதான்: அந்த முதலாம் ஆண்டுப் பேனர். அதன் அடியில் தேதி இருந்தது. 'இவண்: மனைவி அனுசுயா' என்று பெயரும் இருந்தது.

வேறு பொருளாக இருந்தால் சுருட்டிப் பரணில் போட்டிருப்பார். ஆனால் எங்கள் பக்கத்தில் செத்தவர் பேனரை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். அது இன்னொரு சாவைக் கூப்பிடும் என்று பயம். சடங்கு முடிந்ததும் அவிழ்த்து, கேட்பவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அறுவடை நேரத்தில் நெல்லை மூடுவதற்காகப் பழைய பேனர் கேட்டு விவசாயிகள் கடைக்கே வருவார்கள். எங்கள் வட்டாரத்து நெல்லில் பாதி, செத்தவர்கள் முகத்துக்குக் கீழேதான் படுத்திருக்கிறது. தியாகேசன் பேனரை நன்னிலம் பக்கத்திலிருந்து வந்த உத்திராபதி என்ற விவசாயிக்கு அனுசுயா தன் கையாலேயே கொடுத்திருந்தார்.

உத்திராபதிக்குப் போன் போட்டேன். "இருக்கு பாய். இப்பக்கூட நெல்லு மேலதான் கெடக்கு" என்றார். அனுசுயாவின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு வெளிச்சம் வந்தது.

மறுநாள் பேனர் ஏற்றும் குட்டியானை வண்டியில் கிளம்பினோம். குடவாசல் தாண்டும்போதே தூறல் விழ ஆரம்பித்தது. மாசி மாதத்து மழை, அறுத்துப் போட்ட நெல்லுக்கு எமன். அனுசுயா வழியெல்லாம் மடியில் இருந்த போனின் கேமராவை முந்தானையால் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டார்.

களத்தில் இறங்கியபோது மழை வலுத்துவிட்டது. உத்திராபதியும் அவர் மனைவி மலர்கொடியும் நெல் குவியலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். குவியல் மேல் நிறையப் பேனர்கள், எழுத்து கீழேயும் வெள்ளை மேலேயுமாகக் கிடந்தன.

"அந்த மேற்கோரத்துல கெடக்கறதுதான் பாய். வேணும்னா தூக்கிப் பாத்துக்கங்க" என்றார் உத்திராபதி. வந்தவர்களிடம் முடியாது என்று சொல்லக்கூடாதே என்பதற்காகச் சொன்னார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

ஒரு நிமிஷம் தூக்கினால் போதும், படம் எடுத்துவிடலாம். நனைந்தால் கொஞ்சம் நெல்தானே என்று என் புத்தி சொன்னது. வெட்கக்கேடுதான், ஆனாலும் சொன்னது.

"வேண்டாங்க. மழை விடட்டும்," என்றார் அனுசுயா. அதோடு நிற்கவில்லை. காற்றில் எழும்பிய ஒரு மூலையைப் பிடித்து அழுத்தி, மலர்கொடி தூக்கி வந்த கல்லை வாங்கி அதன் மேல் வைத்தார். நாங்கள் எல்லோரும் நனைந்தோம். நெல் நனையவில்லை.

மழை விட்டதும் உத்திராபதி பேனரை இழுத்து விரித்தார். காக்கிச் சட்டையில் தியாகேசன் சிரித்தார், முகம் வெளுத்திருந்தது. இரண்டு வரியும் அப்படியே இருந்தன. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தது.

"கீழ இருந்தது எங்க போச்சுக்கா?" என்றார் அனுசுயா.

"மோட்டருக்கு மேல கட்ட வெட்டுனேன் கண்ணு," என்றார் மலர்கொடி. "அது போன கோடையிலயே தூளாப் போச்சே. ஏன், முக்கியமானதா?"

உத்திராபதி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அன்றைக்குத்தான் பார்ப்பவரைப் போல அந்த வரிகளை வாய்விட்டுப் படித்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"அட, இது எனக்கு வாட்ஸப்புல வந்துச்சே. நல்ல வரி. அதுலேர்ந்து எடுத்துப் போட்டீங்களா தங்கச்சி?"

இந்த மனுஷனுடைய நெல்லை இத்தனை நாள் காப்பாற்றியது இவளுடைய வரிதான் என்று கத்த வாயைத் திறந்தேன். அனுசுயா முந்திக்கொண்டார்.

"ஆமாங்க. நல்லா இருந்துச்சு. அதான் போட்டேன்."

மேற்கே மறுபடி கருத்துக்கொண்டு வந்தது. அனுசுயாவே பேனரின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். மலர்கொடி மறுபக்கத்தைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து தியாகேசனைக் குப்புறப் போட்டு நெல்லை மூடினார்கள்.

வண்டியில் ஏறியதும், "ஏம்மா அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"இனிமே யார் யாருக்குன்னு பாய் நிரூபிச்சுக்கிட்டுக் கெடக்கறது? அவங்களுக்கு நெல்லு காயணும்."

குடவாசல் தாண்டியதும் வசந்தகுமாருக்குப் போன் போட்டார். "சார், அந்தக் கதைய எடுத்துடுங்க. தலைப்ப மாத்திடுங்க." "அப்ப அது உங்களோடது இல்லதானாம்மா?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. அனுசுயா போனை வைத்துவிட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். நான் பார்க்காத மாதிரி ஓட்டினேன்.

திருவிடைமருதூருக்குள் நுழைந்து, அவருடைய தெருமுனை வந்தது. வீட்டில் இறக்கிவிடலாம் என்று நான் வண்டியை மெதுவாக்கினேன்.

"இங்க மெதுவா போவாதீங்க பாய்," என்றார். "நேரா கடைக்கே விடுங்க. சாயங்காலத்துக்குள்ள ஒரு அஞ்சலிப் பேனர் குடுக்கணும்."