பிலிமில் மிஞ்சிய ஒரு படம்

போன கிழமை கொழும்பிலிருந்து, கழுவிய படங்கள் வந்தன. உறையைப் பிரிக்கவே பயமாக இருந்தது. எல்லாம் அந்தக் கமராவால் வந்த வினை!

வவுனியாவில் பழைய சாமான் விற்கும் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் வாங்கியது. பிலிம் போட்டு, எல்லாவற்றையும் கையாலேயே திருகிப் படமெடுக்கிற ரகம். இரண்டு வைத்திருந்தார். ஒன்று பளபளவென்று இருந்தது. லென்ஸை வெளிச்சத்துக்குப் பிடித்தால்... உள்ளே பூஞ்சணம், கண்ணில் பூ விழுந்த மாதிரி. மற்றதில் வெளியே கீறல்கள்; வெளிச்சம் அளக்கும் மீட்டரும் வேலை செய்யவில்லை.

"ஷட்டர் நல்லா இருக்கு. வெளிச்சத்த நீங்கதான் பாத்துக்கொள்ளணும்" என்றார் நானா. கீறல் விழுந்ததையே எடுத்தேன்.

அதற்குள்ளால் பார்த்தால் வன்னியே வேறு ஊர்! கண்டாவளை வயல், குளத்துக் கொக்கு, மாலை வெயில்... வளையத்தைத் திருகத் திருக ஒவ்வொன்றாக மங்கலிலிருந்து எழுந்து வரும். அந்த மயக்கத்திலேயே பிலிமைக் கரைத்துவிட்டேன். கொக்கிளாய்க்குப் போனபோது ஒரே ஒரு படத்துக்குத்தான் மிச்சமிருந்தது.

அங்கேதான் றெஜினா அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். அவரும் கணவர் சூசை அண்ணனும் மீன்பிடிக் குடும்பம். இருந்த ஒரேயொரு கலியாணப் படம், யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது தொலைந்துபோனது; அப்படி ஒன்று எடுத்துத் தரவேண்டுமாம்.

"போனிலை எடுத்துத் தரட்டே, அக்கா?"

"போன் படம் பிள்ளையள் நெடுக எடுக்குதுகள். எனக்குக் கலியாணத்தண்டைக்கு எடுத்த மாதிரி, கழுவுற படம் வேணும் தம்பி."

ஞாயிற்றுக்கிழமை – தொழிலுக்குப் போகாத நாள். பூசைக்குப் போன உடுப்போடு, கடலோர வீட்டு முற்றத்தில் அக்கா கதிரையில் இருந்தார். அண்ணன் பக்கத்தில் நின்றார். உச்சி வெயில். மீட்டர் இல்லை. தப்பினால் இன்னொன்று இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன்.

இந்தக் கமராவில் ஒரு வேடிக்கை. அழுத்தும் கணத்தில் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலெழுந்து எல்லாம் இருட்டாகிவிடும். எடுக்கிற கணத்தை மட்டும் எடுக்கிறவன் பார்க்க முடியாது! வாழ்க்கையிலும் பெரிய விஷயங்கள் அப்படித்தானே நடந்து முடிகின்றன?

உறையைப் பிரித்தேன். வெளிச்சம் சரி. அக்காவின் சிரிப்பும் அழகு. சூசை அண்ணன் மட்டும்... முகத்தைத் திருப்பிக் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா நெடுநேரம் பார்த்தார். கண் கலங்கியது. பிறகு சிரித்தார்.

"கலியாணப் படத்திலையும் இந்த மனிசன் இப்பிடித்தான் கடல் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டவர்!"

உண்மையா? என்னைத் தேற்றச் சொன்னாரா? ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் படம்தான் இல்லையே!

சூசை அண்ணனுக்குத்தான் கோபம் வந்துவிட்டது.

"நான் எங்கை கடலைப் பாத்தனான்? ரெண்டு நாளும் காத்தெல்லே மாறினது, அதைத்தான் பாத்தனான்!"