மில்லுக்குள் வராத பல்கலைக்கழகமும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று முடிவானதும், அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா. யாரையும் திட்டி கிட்டி வெச்சிடாத" என்றார். என் வாய் எப்படிப்பட்டது என்பது இதைக் கையில் வாங்கும் உறவினர்கள் எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்கு வர வேண்டிய கோபம் மொத்தத்தையும் நானே வாங்கிக்கொண்டேன். அண்ணன் பங்குக்கு ஒரு துளிகூட மிச்சமில்லை. அண்ணியின் பேச்சைக் காப்பாற்ற முயல்கிறேன். முடியாத இடத்தில் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழ்பென்னாத்தூருக்கு அருகே, நெல்லும் மல்லாட்டையும் பயிரிடும் குடும்பத்தில் மூத்த பிள்ளையாக அண்ணன் பிறந்தார். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன், மல்லாட்டை என்றால் வேர்க்கடலைதான். அவர் திருவண்ணாமலையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா படுக்கையில் விழுந்தார். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கடலை வாங்கி விற்கும் கமிஷன் மண்டி ஒன்றில் அண்ணன் வேலைக்குச் சேர்ந்தார். என்னை ஆசிரியர் பயிற்சி படிக்க வைத்தார். "நான் வுட்டத நீ புடிச்சிக்க" என்பார். தான் பாதியில் விட்டதாலோ என்னவோ, படித்தவர்கள்மேல் அவருக்கு அப்படி ஒரு மரியாதை. பேராசிரியர் என்று யாராவது சொன்னால் போதும், நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். அந்த மரியாதைதான் அவரைக் கடைசிவரை அலைய வைத்தது என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

மண்டியில் தொழில் கற்றுக்கொண்டு, கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை உடைக்கும் மில் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தார். பிறகு அதையே சொந்தமாக வாங்கினார். எடை போடும்போது விவசாயியைத் தராசுக்குப் பக்கத்திலேயே நிற்க வைப்பார். மில்லில் வேலை செய்யும் பெண்களின் வீட்டு விசேஷம் எதுவானாலும் அண்ணியும் அவரும் முன்வரிசையில் இருப்பார்கள். அவருக்கு இருந்த ஒரே ஆதங்கம் இதுதான்: எங்கள் பக்கத்துக் கடலையை வெளிமாநில வியாபாரிகள் வாங்கிப்போய், வேறு கடலையோடு கலந்து, வேறு ஊர்ப் பெயரில் கப்பலேற்றினார்கள். "நம்ம பொண்ண வேற யாரோ தாரை வார்க்கிற மாதிரி இருக்குது" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார். சாக்கில் நம் ஊர்ப் பெயரைப் போட்டு, நேராக வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். அது ஒன்றுதான் அவர் ஆசை.

அதற்கு வழி திருவண்ணாமலை செங்கம் சாலையில் கிடைத்தது. ஆசிரமம் பக்கத்து உணவு விடுதிகளுக்கு அண்ணன் வறுத்த கடலை கொடுத்து வந்தார். ஆண்டுதோறும் வந்து தங்கும் போலந்து நாட்டுக்காரர் ஒருவர் அதைச் சாப்பிட்டுப் பார்த்து, யாருடைய கடலை என்று விசாரித்திருக்கிறார். அவருக்கு ஊரில் உணவுப்பொருள் வியாபாரம். அண்ணனைத் தேடி மில்லுக்கே வந்துவிட்டார். அண்ணனின் ஆங்கிலமும் அவருடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. எப்படியோ பேசி முடித்தார்கள். கண்டெய்னர் கிளம்பிய அன்று அண்ணன் ஊருக்கே லட்டு கொடுத்தார். உங்களில் பலர் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

அந்தச் சரக்கு போலந்துத் துறைமுகத்திலேயே நின்றுபோனது. பருப்பில் பூஞ்சை நஞ்சு அளவுக்கு மீறி இருக்கிறதாம், நாட்டுக்குள் விடமாட்டார்களாம். அழித்துவிடவா, திருப்பி அனுப்பவா என்று கேட்டார்கள். நஷ்டத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. அப்போது துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து, "உனக்கு எதுக்குப்பா இந்த வேண்டாத வேலை" என்று கேட்டுவிட்டுப் போனவர்களின் பெயர்களையும் எழுதப் போவதில்லை. அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன் அல்லவா.

போலந்துக்காரர் நல்ல மனிதர். காரணத்தைக் கண்டுபிடியுங்கள், பிறகு மறுபடி வாங்குகிறேன் என்றார். காரணத்தை யாரிடம் கேட்பது? படித்தவர்களிடம்தான். அண்ணன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அது எங்கள் ஊரில் இல்லை, பஸ் மாறிப் போக வேண்டும். பெயர் வேண்டாம். உள்ளூர்த் தொழில்கள் உலகச் சந்தையில் போட்டி போட உதவுவதற்கென்றே அங்கே ஒரு தனிப்பிரிவு இருந்தது. அதைக் கேள்விப்பட்டதும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "நமக்குனே தொறந்து வெச்சிருக்காங்கம்மா" என்று என்னிடம் சொன்னார்.

அவர்கள் திருவண்ணாமலையிலேயே ஏற்றுமதி விழிப்புணர்வு முகாம் நடத்த வந்தார்கள். வந்தார்கள் என்பது உண்மை. ஒவ்வொரு முகாமும் எந்த நாளில் தெரியுமா? பௌர்ணமி அன்று! காலையில் லாட்ஜ் ஹாலில் பேச்சு, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் கிரிவலம். அரசு செலவில் அண்ணாமலையார் தரிசனம். பௌர்ணமி அன்று ஊருக்குள் பஸ் வராது, எல்லாவற்றையும் வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். கேள்வி கேட்க வேண்டிய மில்காரர்கள் வேகாத வெயிலில் நடந்து வந்து சேர்வதற்குள் பாதிப் பேச்சு முடிந்திருக்கும். மீதிப் பேச்சில் உலகமயம், போட்டித்திறன், வாய்ப்புகளின் வாசல். "சார், எங்க சரக்கு ஏன் சார் திரும்பி வருது?" என்று அண்ணன் எழுந்து கேட்டார். "தரத்துல கவனம் செலுத்தணும்" என்று பதில் வந்தது. அடடா, இது தெரியாமல்தானே இவ்வளவு நாளாகத் திண்டாடினோம்!

ஒவ்வொரு முறையும் அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள், போட்டோ எடுப்பார்கள். ஒரு முறை நான் வீட்டுக்குப் போனபோது பீரோவைத் திறந்து காட்டினார். "பொன்னாடை ஜாஸ்தியாயிடுச்சு. விஷயந்தான் கம்மியா இருக்குது" என்றார். அவர் வாயிலிருந்து வந்த அதிகபட்சக் கோபம் அவ்வளவுதான்.

கடைசியாக நடந்த முகாமில் மட்டும் ஓர் அதிசயம். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு லாட்ஜில் படுத்துவிட, சுகந்தி என்ற உதவிப் பேராசிரியை அண்ணனிடம் வந்து, "சார், உங்க மில்லைப் பாக்கலாங்களா?" என்று கேட்டார். இத்தனை முகாமில் மில்லைப் பார்க்க வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் அவர். அன்று பள்ளி விடுமுறை என்பதால் நானும் மில்லில் இருந்தேன். மில்லில் வேலை செய்யும் அஞ்சலை அக்கா ரப்பர் குழாயைப் பிடித்து, மலைபோல் கிடந்த காய்க்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் சுகந்தி மேடம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எதுக்குங்க தண்ணி அடிக்கிறீங்க?"

"இன்னா மேடம் இப்டி கேக்குறீங்க? காஞ்ச காய அப்டியே மிஷின்ல போட்டா பருப்பு ரெண்டா பொளந்துக்குமே. சாயங்காலம் நனைச்சு வெச்சா காலைல முழுசு முழுசா வரும்" என்றார் அஞ்சலை அக்கா.

"அப்புறம் காய வெப்பீங்களா?"

"லேசா ஒரு ஒணத்து. அப்டியே மூட்டை கட்டிடுவோம்."

மேடம் அண்ணன் பக்கம் திரும்பினார். "சார், உங்க பூஞ்சை இதுலதாங்க வருது. ஈரத்தோட மூட்டை கட்டி, கப்பல்ல அவ்ளோ நாள் அடைச்சு வெச்சா வராம என்ன செய்யும்?"

அண்ணன் பக்கத்தில் கிடந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "இத்தனை முகாம் வந்தனே மேடம், ஒருத்தரும் இத சொல்லலியே."

"தண்ணி அடிக்கிறத நீங்களும் சொல்லலியே சார். நாங்களும் கேக்கல."

அது உண்மைதான். எங்கள் பக்கத்தில் எல்லா மில்லிலும் தண்ணீர் தெளித்துத்தான் உடைப்பார்கள். சோறு எப்படி வடிக்கிறாய் என்று யாராவது கேட்டால், அரிசியைக் களைந்தேன் என்று சொல்வோமா? அந்த மாதிரி அது ஒரு வேலையாகவே யாருக்கும் தோன்றியதில்லை. மில்லுக்குள் கால் வைத்தவருக்கு நொடியில் தெரிந்தது, லாட்ஜ் ஹாலில் எத்தனை ஆண்டு பேசினாலும் தெரிந்திருக்காது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அண்ணனோ மேடத்தைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்றோடு அண்ணன் தண்ணீரை நிறுத்தினார். மிஷினின் வேகத்தைக் குறைத்து, சல்லடையை மாற்றி, காயை நன்றாகக் காய வைத்து உடைத்தார். உடைசல் கூடத்தான் செய்தது. பக்கத்து மில்காரர்கள், "மேடம் பேச்ச கேட்டு மல்லாட்டைய மாவாக்கறாரு" என்று சிரித்தார்கள். உடைசலை எண்ணெய்க்குத் தள்ளிவிட்டு, முழுப் பருப்பை மட்டும் எடுத்து வைத்தார். சில நேரம் வயலிலிருந்தே பூஞ்சை வந்துவிடும் என்றும் மேடம் சொல்லியிருந்தார். எந்த விவசாயியின் கடலையில் அது இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு மூட்டை கெட்டிருந்தால் மொத்தச் சரக்கும் போச்சு. அதனால் வாங்க வாங்க ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்து அண்ணன் அனுப்ப, பல்கலைக்கழகச் சோதனைக்கூடத்தில் மேடம் தம் ஆராய்ச்சியோடு சேர்த்துப் பார்த்துச் சொன்னார். இரண்டாவது சரக்கு போலந்துக்குள் போனது. சாக்கில் திருவண்ணாமலை என்று எழுதியிருந்தது. அண்ணன் எனக்குப் போன் செய்தார். "உள்ள வுட்டுட்டாங்கம்மா" என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையில் திட்டுவதற்கு இடமே இருந்திருக்காது. பல்கலைக்கழகத்தைத் தரமதிப்பீடு செய்ய ஒரு குழு வருகிறது என்று சுகந்தி மேடத்தைக் காகிதம் அடுக்கும் வேலையில் உட்கார வைத்தார்கள். அனுமதி இல்லாமல் வெளி ஆள் சரக்கைச் சோதித்தது ஏன் என்று விளக்கமும் கேட்டார்கள். சோதனைக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். சோதிக்கிற மிஷின் உறை போட்டு உள்ளே இருக்கிறது, இயக்கத் தெரிந்தவர் மாடியில் ஃபைல் அடுக்குகிறார். சென்னைக்கு அனுப்பிச் சோதிக்கலாமே என்பீர்கள். முழுச் சரக்குக்கு ஒரு தடவை என்றால் அனுப்பலாம். ஒவ்வொரு விவசாயியின் காய்க்கும் அனுப்பி, பதில் வரும்வரை அவரைக் காக்க வைத்தால், அவர் வேறு மண்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

அண்ணன் அங்கே நடையாய் நடந்தார். மீட்டிங்கில் இருக்கிறார் என்பார்கள், குழு போகட்டும் என்பார்கள். மதிப்பீட்டுக் குழுவுக்குக் காட்ட மட்டும் அண்ணனை வரவழைத்து, பல்கலைக்கழகத்தால் பயன்பெற்ற ஏற்றுமதியாளர் என்று முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அவரும் போனார்! "அவங்க கூப்ட்டா போவாம இருக்கலாமா? இப்பவாச்சும் தொறப்பாங்க" என்றார். திறக்கவில்லை. "உனக்கு மானம் ரோஷம் இல்லியாண்ணே?" என்று நான் கத்தினேன். "இருந்தா மேடம் வேல போயிடும்மா, வுடு" என்றார்.

அதன் பிறகும் ஒரு நாள் போய்விட்டு, வேலை ஆகாமல் திரும்பி வந்தார். மறுநாள் காலை மில்லில் மூட்டை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். திருவண்ணாமலைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எங்களை விட்டுப் போய்விட்டார். அலைச்சல்தான் அவரைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லக் கூடாது என்று அண்ணி சத்தியம் வாங்கியிருக்கிறார்.

அன்று அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடிய மில் தொழிலாளர்களுக்கும், ஆம்புலன்ஸ் ஓட்டி வந்த தம்பிக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் பார்த்துக்கொண்ட தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பஸ் பிடித்து வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்று அழுதுவிட்டுப் போன சுகந்தி மேடத்துக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அடுத்த அறுவடைக்கும் உங்கள் கடலைதான் வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கும் போலந்து நண்பருக்கும் நன்றி. மில்லை இப்போது அண்ணி நடத்துகிறார். தண்ணீர் அடிப்பதில்லை. காய் வரத் தொடங்கிவிட்டது. எது நல்லது, எது கெட்டது என்று பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

சென்ற வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து அண்ணிக்குப் போன் வந்தது. ஏற்றுமதி உதவி மையத்துக்குப் புதுக் கட்டடம் கட்டியிருக்கிறார்களாம். வரவேற்பறையில் அண்ணன் படத்தை மாட்ட வேண்டுமாம், நல்லதாக ஒன்று அனுப்புங்கள் என்றார்கள். அண்ணி போனை என்னிடம் கொடுத்துவிட்டார். அவர்களிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். படம் தருகிறோம். முதலில் சோதனைக்கூடத்தைத் திறந்து, சுகந்தி மேடத்தை உள்ளே விடுங்கள். அதற்குப் பிறகு எந்தச் சுவரில் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளுங்கள். பூட்டிய கதவுக்கு வெளியே எங்கள் அண்ணன் உயிரோடு இருந்தபோதே வேண்டிய மட்டும் நின்றுவிட்டார்.