மனம் படிக்கும் மெசின்

கலேவெலவில் மூடிவிட்ட ஒரு பெண்கள் சலூனிலிருந்து வாங்கி வந்த, முடி உலர்த்தும் பெரிய தொப்பிதான் எங்கள் படத்தில் மனம் படிக்கும் இயந்திரம். அதற்குள் சிவப்பு பல்பைப் பொருத்தியவர் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கணித மாஸ்டர், இயக்குநரும் அவரே. கதிரையில் கட்டப்பட்ட கைதியின் மனதை இயந்திரம் படிக்கும், அப்போது திரையில் வெறும் வெள்ளை மட்டும் தெரியும், படம் முழுவதும் ஒலியே கிடையாது. இதற்குப் பரிசோதனைப் படம் என்று பெயர். அப்போது அதைப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

கைதியாக நடித்தவர் நான் வேலை பார்த்த அரசாங்க அலுவலகத்துக்கு வாடகை வேன் ஓட்டிய டிரைவர். போர்க்காலத்தில் பொலிஸார் அவரையும் தம்பியையும் ஒரே ஜீப்பில் ஏற்றிச் சென்றார்கள். அவர் திரும்பினார், தம்பி திரும்பவில்லை. தம்பியைத் தேடும் மனுக்களை முறைப்படி எழுதிக் கொடுத்தவன் நான். ஒவ்வொன்றுக்கும் 'பெற்றுக்கொண்டோம்' என்று பதில் வந்தது. நிர்வாகம் உயிரோடிருக்கிறது என்று அறிய அது போதும்.

படப்பிடிப்பு பலாபத்வலவுக்கு அருகே, கைவிடப்பட்ட ஏலக்காய் ஸ்டோரில். பொலிசுக்கு அறிவிப்பது நடைமுறை, அறிவித்தேன். நிலையத்தில் ஆளில்லையென்று, பக்கத்தில் குடியிருந்த ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட், எங்கள் வழக்கில் சாஜன், ஒருவரை அனுப்பிவைத்தார்கள்.

"மனசப் படிக்குமோ இல்லையோ, முடி நல்லா காஞ்சிரும் மாஸ்டர்" என்று தொப்பிக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டிருந்த டிரைவர், சாஜன் உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்தினார்.

விசாரணை அதிகாரியாக நடித்த தபால்காரரின் அடி சாஜனுக்குப் பிடிக்கவில்லை. "அப்பிடி அடிச்சா அடையாளம் விழும் மாத்தயா. தள்ளுங்க" என்று எழுந்தவர், டிரைவரின் காலைத் தூக்கிப் பிடித்து, ஈரத் துவாய் சுற்றிய குழாயால் உள்ளங்காலில் விளாசினார். மாஸ்டர் கமராவை நிறுத்தவில்லை. இவ்வளவு தத்ரூபம் இலவசமாகக் கிடைக்குமென்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. சாஜன் குனிந்து, "வேன்ல யார ஏத்தின?" என்றார். கதையில் அப்படியொரு கேள்வி இல்லை. அன்று ஜீப்பில் சாஜன் தன்னிடம் கேட்ட கேள்வி அது என்று டிரைவர் பிறகு சொன்னார்.

கட்டு பேருக்குப் போட்டதுதான். டிரைவர் எழுந்தபோது கதிரையும் கூடவே எழுந்து, கட்டு அவிழ்ந்து விழுந்தது. சாஜனின் முகத்தில் தலையால் மோதினார், மூக்கெலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. சாஜனைக் கதிரையில் அழுத்தி, தொப்பியை அவர் தலையில் கவிழ்த்து, பிடுங்கிய குழாயால் முழங்காலிலும் வாயிலும் அடித்தார். மூன்று பேர் பிடித்தும் நிற்கவில்லை.

"என் தம்பிய எங்கடா எறக்குனீங்க?"

இரண்டு பற்கள் சட்டையில் விழுந்த பிறகு சாஜன் சொன்னார்: "லக்கல ரோட்டுல… பாலத்துக்குக் கீழ."

சாஜன் முறைப்பாடு செய்யவில்லை. செய்தால், எந்தக் கேள்விக்காக அடிவாங்கினார் என்பதையும் எழுத வேண்டியிருக்கும். காட்சி படத்தில் அப்படியே இருக்கிறது. உதடு அசைகிறது, சத்தமில்லை. இப்போது அது கைபேசிகளில் சுற்றுகிறது. இளைஞர்கள் சாஜனின் நடிப்பைப் புகழ்கிறார்கள்.

மறுநாளே டிரைவரின் வீட்டுக்குப் போனேன். பாலத்தடியில் தோண்டுவதற்கு நீதவானிடம் எப்படி விண்ணப்பிப்பது, யாருக்குப் பிரதி அனுப்புவது என்று படிப்படியாக விளக்கினேன். வீங்கிய பாதங்களை வாளித் தண்ணீரில் வைத்தபடி முழுவதையும் கேட்டார்.

"அன்னைக்கி ஜீப்புல என்னைய அடிச்சப்ப, நிப்பாட்டுனா போதும்னு நானும் வாயில வந்த பேரத்தான் சேர் சொன்னேன்."