உச்ச விலைக்குக் கொடுத்த ஜகாத்

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இறுதிச் சரக்கிருப்பு நடத்தும் நாளில் எனக்குக் காலையிலிருந்தே எரிச்சல் தொடங்கிவிடும். வருஷம் முடிகிற அன்று கடையில் விற்காமல் கிடக்கும் சரக்குக்கு என்ன மதிப்புப் போடுவது என்பதுதான் பாடம். அடக்க விலை, சந்தை விலை, இரண்டில் எது குறைவோ அதைப் போடு. ஒரே வரி. எங்கள் ஊர் போடியில் இந்த ஒரு வரியைப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும்.

"டீச்சர், வெல ஏறிருந்தாலும் கொறஞ்சதத்தான் போடணுமா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்பது பெரும்பாலும் ஏலக்காய் வியாபாரி வீட்டுப் பிள்ளையாக இருக்கும்.

"ஏறிருந்தா வித்துட்டு வந்து எழுது. விக்காத லாபம் லாபமே இல்ல. நஷ்டம் வரும்போலத் தெரிஞ்சா அத மட்டும் இன்னைக்கே எழுதிரு."

"அப்ப கணக்குன்னாலே பயந்து பயந்துதான் எழுதணுமா டீச்சர்?"

வகுப்பே சிரிக்கும். முன்னெச்சரிக்கைக் கொள்கை என்று பலகையில் எழுதி அடிக்கோடும் போடுவேன். தேர்வில் அந்தக் கேள்விக்கு எல்லாரும் சரியாகவே எழுதிவிடுவார்கள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் மறந்துவிடுவார்கள். என் வீட்டுக்காரரும் பி.காம். முடித்தவர்தான்.

அவர் சின்ன அளவில் ஏலக்காய் வியாபாரம் செய்தார். போடிமெட்டுக்கு மேலே தோட்டம் வைத்திருப்பவர்கள் ஜீப்பில் காயை இறக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களிடம் வாங்கி, பெண்களை வைத்து ரகம் பிரித்து, ஏல மையத்தில் விற்பார். எடையில் ஒரு கிராம் ஏமாற்றாத மனுஷர் என்று மலையில் அவருக்கு நல்ல பெயர். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. இரண்டு பேர் சம்பாத்தியத்தையும் போட்டுக் கட்டிய வீடு ஒன்றுதான் எங்களுக்கென்று இருந்தது.

சில வருஷங்களுக்கு முன் காய் விலை யாரும் கனவில்கூட நினைக்காத உயரத்துக்குப் போனது. ஊரே கிறுகிறுத்துப் போயிருந்த நேரம். இன்னும் ஏறும், இன்னும் ஏறும் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். இவர் வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்து, கடன் வாங்கி, அந்த விலைக்கே காயை வாங்கி குடோனில் அடுக்கினார். கடைசி மூட்டையை அடுக்கி முடித்த கொஞ்ச நாளில் விலை இறங்க ஆரம்பித்தது.

அப்போதே விற்றிருந்தால் சின்னக் காயத்தோடு போயிருக்கும். அவர் விற்கவில்லை. அதற்குக் காரணம் இந்த ஊரின் ஒரு பழக்கம். ஏலம் முடிந்ததும் எல்லார் போனுக்கும் அன்றைய நிலவரம் வந்துவிடும். அதில் உச்ச விலை என்று ஒன்று இருக்கும், சராசரி விலை என்று ஒன்று இருக்கும். உச்ச விலை என்பது யாரோ ஒருவர் ஏலத்துக்கு வைத்த ஒரே ஒரு லாட்டுக்கு, நன்றாகப் பருத்த பச்சைக் காய்க்கு, அன்று கிடைத்த விலை. மற்றவர்களுக்குக் கிடைப்பது சராசரிதான், பல பேருக்கு அதுகூட இல்லை. ஆனால் டீக்கடையில் கேட்டுப் பாருங்கள், உச்ச விலையைத்தான் சொல்வார்கள். தன் குடோனில் இருக்கும் காய்க்கும் மனசுக்குள் அதே விலையைப் போட்டு வைத்திருப்பார்கள். வகுப்பில் ஒரு பிள்ளை நூறு வாங்கினால் வகுப்பே நூறு என்று நான் சொல்லித் திரிந்தால் எனக்குப் பைத்தியம் என்பார்கள். இங்கே அதற்குப் பெயர் வியாபாரம்.

நோன்பு மாதம் வந்தது. ஒரு வருஷம் முழுக்கக் கையில் இருந்த பணம், நகை, கடைச்சரக்கு எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டு, நாற்பதில் ஒரு பங்கை ஏழைகளுக்கு ஜகாத்தாகக் கொடுக்க வேண்டும். எங்கள் மார்க்கக் கடமை அது. ஒரு நாள் மதியம் தொழுதுவிட்டு வந்து, போனில் நிலவரத்தைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட உட்கார்ந்தார்.

"எந்த வெலைக்குப் போடுறீங்க?" என்று கேட்டேன்.

"உச்ச வெலைக்குத்தான்."

"நம்ம காய் அந்த வெலைக்குப் போகாதுங்க. இன்னைக்கு வித்தா என்ன கெடைக்குமோ அதத்தான் போடணும். பேங்கு கடனையும் கழிக்கணும். பள்ளிவாசல்ல ஹஜரத்தே பயான்ல சொன்னாருல்ல?"

"அல்லாவுக்குக் குடுக்குறதுல போயி கொறச்சுக் கணக்குப் பாக்கச் சொல்றியா?"

"கொறைக்கச் சொல்லல. இல்லாததக் கூட்டாதீங்கன்றேன். கடனக் கழிச்சா நம்ம மேல இந்த வருஷம் ஜகாத்தே கெடையாது."

போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு குரல் இறங்கிச் சொன்னார். "அப்படிப் போட்டா காய் எறங்கிருச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்ல. வருசா வருசம் குடுத்த வாசல்ல நின்னுக்கிட்டு, இந்த வருசம் இல்லன்னு எப்படிச் சொல்ல?"

பக்தியா, வீம்பா, பயமா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மூன்றும்தான் இருந்திருக்கும். கையில் ரொக்கம் இல்லாததால் ஒரு சிநேகிதரிடம் கைமாற்று வாங்கி அந்தத் தொகையைக் கொடுத்து முடித்தார். குடோன் நிறையக் காய், கொடுப்பதற்குக் கடன். கடன் வாங்கியும் பட்டினி, கல்யாணம் பண்ணியும் சந்நியாசி என்பது எங்களைப் பார்த்துச் சொன்னதுதான். வாங்க வந்த பெண்கள் வாசலில் நின்று, வியாபாரத்தில் பரக்கத் வரட்டும் என்று துஆ செய்தார்கள். எனக்கு ஆமீன் சொல்ல நா எழவில்லை. பாவம், அவர்கள் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த நோன்பிலும் இதே கூத்து நடந்தது. அதற்குள் காய் கெட ஆரம்பித்திருந்தது. ஏலக்காயைக் கறுப்புப் பாலித்தீன் பைக்குள் காற்றுப் புகாமல் கட்டி, அதைச் சாக்குக்குள் வைப்பார்கள். வெளிச்சமும் காற்றும் பட்டால் பச்சை வெளுக்கும், வெளுத்தால் விலை விழும். இது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் ஒவ்வொரு ஏலத்தன்றும் குடோனுக்குப் போய், மூட்டையைப் பிரித்து, ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு வருவார். "நெறம் அப்படியேதான் இருக்கு" என்று என்னிடம் சொல்வார். பார்த்துப் பார்த்தே அந்தப் பச்சையைப் போக்கினார். நான் திட்டினேன், கெஞ்சினேன், பட்டினி கிடந்தேன். "அடுத்த மழையில வெல ஏறும், நீ ஒன் பள்ளிக்கூடச் சோலியப் பாரு" என்றார். பார்த்தேன். இறுதிச் சரக்கிருப்புப் பாடத்தை அந்த வருஷமும் நடத்தினேன்.

பேங்கிலிருந்து நோட்டீஸ் வந்த பிறகுதான் காயை ஏலத்துக்குக் கொண்டுபோக ஒத்துக்கொண்டார். தனியாக அனுப்பப் பயந்து, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். வியாபாரிகள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சாம்பிள் பொட்டலங்களைப் பிரித்துக் கையில் கொட்டிப் பார்த்து, அப்படியே தரையில் விட்டார்கள். நடந்தால் காலடியில் காய் நொறுங்கியது. எங்கள் பொட்டலத்தைப் பிரித்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "பழைய காய்ப்பா, வெளுத்துப்போச்சு" என்றார். திரையில் எங்கள் லாட்டு வந்தது, முடிந்தது. வாங்கிய விலையில் பாதிகூட இல்லை. அந்த விலைக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கொடுத்துவிடுங்கள் என்று தலையசைத்தேன்.

அந்தப் பணம் கடனுக்குப் பத்தவில்லை. வீட்டை விற்று அடைத்தோம். கைமாற்றுக் கடன் மட்டும் இன்னும் நிற்கிறது. இப்போது ஒரு மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். அவர் காலையில் தோட்ட வேலைக்குப் போகிறவர்களோடு ஜீப்பில் ஏறி, மலையில் வேறொருவருடைய காய் உலர்த்தும் ஸ்டோரில் மாதச் சம்பளத்துக்குக் காய் எடை போடப் போகிறார். எல்லாம் சரியாகிவிடும் டீச்சர் என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எதுவும் சரியாகாது. எங்கள் வயதுக்கு இனி ஒரு வீடு கட்ட முடியாது. வியாபாரம் தொடர்ந்து நடக்கும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கு எழுதுகிறோம் என்று இன்னொரு பாடம் இருக்கிறது. அதை இப்போதெல்லாம் புத்தகத்தைப் பார்த்து வாசித்துவிட்டுப் போய்விடுகிறேன். விளக்கம் சொல்வதில்லை.

போன நோன்பில் ஒரு சாயங்காலம் அவருடைய சின்னத்தா மகன் வந்தார். இவருக்குத் தம்பி முறை, கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நோன்பு திறந்துவிட்டுப் போகலாம் என்றேன். "இல்ல, வெரசாப் போகணும்" என்றவர், போகாமல் உட்கார்ந்தே இருந்தார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்துப் பாயில் வைத்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. கடன்பட்டவுகளுக்கும் ஜகாத் சேரும்ல."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தூக்கி எறிந்துவிடுவாரோ என்று பயந்தேன். எறிந்தால் நன்றாக இருக்கும் என்றும் ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். அவர் கவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைச் சரக்குக்கு எந்த வெலைக்குக் கணக்குப் போட்ட?" என்று கேட்டார்.

"இன்னைக்கு வித்தா என்ன வருமோ அதுக்குத்தாண்ணே. கடனையும் கழிச்சுட்டேன்."

"அதான் சரி. அப்படித்தான் போடணும்."

இந்த வார்த்தைக்காகத்தான் நான் அத்தனை சண்டையும் போட்டேன். இன்று எங்களிடம் விலை போடுவதற்கு ஒரு மூட்டைகூட இல்லை. அவர் கவரை எடுத்து என் பக்கம் நீட்டினார், என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அதை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய், சத்தம் வெளியே கேட்கட்டும் என்று அழுதேன்.