பீங்கான் சில்லு மேல் வைத்த மாமரம்

விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் மண் சுமந்து, பிறகு சொந்தப் பட்டறையே வைத்தவன் நான். வீட்டுக் கொல்லைப் பள்ளத்தை உடைந்த பீங்கான் சில்லுகளால் நிரப்பி, மேலே ஒரு முழம் மண் போட்டேன்.

“இதுல கீரைதாங்க வரும்” என்றாள் மனைவி.

“மொதலாளி வூட்டுல கீரையா? மாமரம் நிக்கணும்டி” என்று ஒட்டு மாங்கன்று வைத்தேன்.

மரம் வளர்ந்து நன்றாகவே காய்த்தது. கோடை மழை கட்டிய ஒரு நாள், அதனடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த மனைவி, செல்போன் அடிக்கவே உள்ளே வந்தாள். அடித்த காற்றில் மரம் வேரோடு துவைகல் மேல் சாய்ந்தது. சில்லுக்குள் இறங்க முடியாமல் வேர் தாம்பாளம் போலப் படர்ந்திருந்தது.

“நான் போயிருந்தா மாங்கா யாருங்க ஊறுகா போடுறது?” என்று சிரித்தாள். நான் கடப்பாரையால் குத்திப் பார்த்தேன்; ஒரு முழத்துக்கு மேல் இறங்கவில்லை.

இப்போது அங்கே முளைக்கீரைதான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நானே களை பறிக்கிறேன். கடப்பாரை இறங்காத மண்ணில் மரம் வைப்பதில்லை.