மழைக்கு வந்த மாப்பிள்ளை

ஜூன் பிறந்துவிட்டால் மிலாக்ரினுக்கு இருப்புக் கொள்ளாது. கடற்கரைக் குடில்களைப் பிரித்து அடுக்கிவிட்டு ஊரே கால் நீட்டித் தூங்குகிற மாதம் அது. இவள் மட்டும் வீட்டுக்கும் வேலிக்குமாக நூறு நடை நடப்பாள். வேலிக்கு அப்பால் தென்னைகள், கடலில் இறங்காதே என்னும் சிவப்புக் கொடி, அதற்கும் அப்பால் செம்மண் நிறத்தில் குமுறும் கடல். பின்கட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறாள். மழையில் கடல் பார்க்கவென்றே சிலர் வருவார்கள். மூன்று மழைக்கு முன்னால் அப்படி வந்த ஒருவன், இவள் கையால் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, காலை மட்டும் நனைத்துவிட்டு வருகிறேன் என்று போனான். வரவில்லை.

அன்றிலிருந்து அறை கேட்டு வருகிறவர்களிடம் பேரைக் கேட்பதற்கு முன்பே நீச்சல் தெரியுமா என்று கேட்கிறாள். தெரியும் என்பவர்களுக்குத்தான் திட்டு அதிகம் விழும்.

மாப்பிள்ளையிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. மகள் லவீனாவைக் கட்டிய எல்வீனோ கப்பல்காரன். பெரிய பயணக் கப்பலில், வருஷத்தில் எட்டு மாதம் நடுக்கடலில் இருப்பவன். ஜனவரியில் கல்யாணம். இது முதல் சான்ஜாவ், ஊர்க்காரர்கள் வீடு வீடாகப் போய்க் கிணற்றில் குதிக்கிற மழைக்காலப் பண்டிகை. முதல் வருஷ மாப்பிள்ளை பெண் வீட்டுக் கிணற்றில் குதித்தே ஆக வேண்டும். இலைக் கிரீடம், பலாப்பழம், ஃபெனி சாராயம் எல்லாம் தயார்.

பண்டிகையன்று காலை, அறையில் தங்கியிருந்த கோலாப்பூர்க்காரர் கோர்படே வராந்தாவில் உட்கார்ந்து சன்னா இட்லியைப் பிய்த்தபடி வம்பளந்துகொண்டிருந்தார்.

"கடல்ல இறங்கக் கூடாதுன்னுட்டாங்க. நீங்க குதிக்கிறதையாவது பார்த்துட்டுப் போறேன். கப்பல்காரர் ஆச்சே, மீன் மாதிரி நீந்துவீங்க, இல்ல?"

எல்வீனோ சிரித்தான். கையிலிருந்த தேநீர் தட்டில் சிந்தியது.

மிலாக்ரின் அதைப் பார்த்துவிட்டாள். அப்போதுதான் உறைத்தது. வந்த மூன்று நாளில் அவன் ஒரு தடவைகூடக் கிணற்றடிக்குப் போகவில்லை. குளிக்கக்கூட வாளியைக் கொல்லைக்குத் தூக்கி வரச் சொன்னான். கப்பலில் அவனுக்கு என்ன வேலை? சலவை அறை. துணி வெளுக்க நீச்சல் எதற்கு?

மகளை அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"லவீனா, உம் புருஷனுக்கு நீச்சல் தெரியுமாடி?"

"என்ன மாய் கேள்வி இது? அவரு கப்பல்காரரு!" அம்மாவை அவள் மாய் என்றுதான் கூப்பிடுவாள்.

"அதான் தெரியுமே. நீ பார்த்திருக்கியா?"

"நான் எங்க பார்க்க? போய்க் கேட்டு அவரு மானத்தை வாங்காத."

அதுதான் இடித்தது. கேட்டால் மானம் போகும். கேட்காவிட்டால் உயிர் போகும். கிணறு விளிம்புக்கு இரண்டு முழம் கீழே வரை நிறைந்திருந்தது. சுவரெல்லாம் பாசி. குடித்துவிட்டு ஒருவர் மேல் ஒருவர் குதிப்பார்கள். அடியில் யார் இருக்கிறார் என்று எவன் பார்ப்பான்? போய் எட்டிப் பார்த்தாள். திரும்பினாள். மறுபடி போனாள். கிணற்றில் பாம்பு இருக்கிறது என்று அடுத்த வீட்டில் சொல்லிப் பார்த்தாள். "பாம்புக்கும் ஒரு கிரீடம் கட்டி விடு" என்று சிரித்தார்கள்.

பகல் மூன்று மணிக்குக் கும்மட் மேளச் சத்தம் கேட்டது. வீடு வீடாகக் குதித்துவிட்டு, சொட்டச் சொட்ட, கூட்டம் உள்ளே நுழைந்தது. முன்னால் பொஸ்த்யாவ், ஓய்வு பெற்ற கப்பல்காரர், வாயெல்லாம் ஃபெனி.

"வீவ சான்ஜாவ்! எங்கய்யா மாப்பிள்ளை? எங்க சாதிக்காரன்! கடலையே பார்த்தவனுக்குக் கிணறு எம்மாத்திரம்?"

எல்வீனோவின் தலையில் கிரீடத்தை வைத்தார்கள். அவன் கிணற்றின் விளிம்பில் ஏறி நின்றான். உதடு வெளுத்திருந்தது. லவீனா பெருமையாகக் கைதட்டினாள். அந்தப் பாவி குதிக்கத்தான் போகிறான், வாயைத் திறக்க மாட்டான் என்று மிலாக்ரினுக்குத் தெரிந்துபோயிற்று.

"இறங்குங்க மாப்பிள்ளை! எங்க வீட்டு வழக்கம் வேற. முதல் வருஷம் மாமியார்தான் குதிக்கணும். மாப்பிள்ளை கயிறு போட்டுத் தூக்கணும்."

"இது எப்போலேர்ந்து?" என்றார் பொஸ்த்யாவ்.

"இன்னிக்கிலேர்ந்து!"

ஐம்பத்து நான்கு வயது. முழங்கால் வலி. நீந்தி முப்பது வருஷம் ஆகிறது. கவுனைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். பெரிய சத்தம் கேட்டது. கூட்டம் ஊளையிட்டுச் சிரித்தது. தண்ணீர் மூக்கில் ஏறியது, காலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. ஒரு கணம் கடலுக்குப் போன அந்தப் பிள்ளையை நினைத்தாள். பிறகு பழைய பழக்கத்தில் கைகள் தாமாக அடித்தன. மேலே வந்து கயிற்றைப் பிடித்தாள்.

எல்வீனோ இழுத்தான். நாலு பேர் கை கொடுக்க வந்தபோதும் விடவில்லை. உள்ளங்கை தோலுரிய அவனே இழுத்தான். அவள் விளிம்பில் ஏறி உட்கார்ந்து இருமினாள். கோர்படே கைதட்டி மகிழ்ந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்த மாதிரிதான் இருந்தது.

அவன் கிரீடத்தைக் கழற்றினான்.

"எனக்கு நீச்சல் தெரியாது," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். "அதுக்காகத்தான் மாய் குதிச்சாங்க."

கும்மட் நின்றது. லவீனா தலையைக் குனிந்துகொண்டாள். பொஸ்த்யாவ் அவனை ஏற இறங்கப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"முப்பத்திரண்டு வருஷம் கப்பல்ல இருந்தேன்," என்றார். "எனக்கும் தெரியாது. வருஷா வருஷம் குதிக்கிற மாதிரி பாவ்லா பண்ணிட்டு ஓரமா நின்னு தண்ணியை மேல ஊத்திக்குவேன்."

யாரோ வெடித்துச் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், எல்வீனோவைத் தவிர. அவன் மாமியார் முன்னால் குந்தி உட்கார்ந்து, நடுங்கும் அவள் பாதங்களைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.

மிலாக்ரின் அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"காலையிலயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடா?"