சாரலில் நின்று கத்தியவர்

ஆடி மாதம். காலை ஏழு மணிக்குத் தென்காசியில் ரயிலை விட்டு இறங்கினேன். முதுகில் ஒரு பை, வயிற்றில் ஒன்றுமில்லை. குற்றாலத்துக்கு ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய், ஐந்தாறு கிலோமீட்டர்தான். எதிர் சீட்டில் அதே மாவட்டத்துத் திருவேங்கடத்திலிருந்து வந்த கணவனும் மனைவியும். அவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், முறுக்கு மீசை. அந்த அம்மாள் தலையில் துண்டு சுற்றியிருந்தார். புருவத்திலும் முடி இல்லை.

கணவர் டிரைவரின் காதருகே குனிந்தார். "அண்ணாச்சி, மெல்லப் போங்க. மேலுக்கு முடியாதவ."

"கேன்சர்னு சொல்லுங்களேன். ஆட்டோ கவுந்துராது" என்றார் அம்மாள்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டார்.

அம்மாள் என்னிடம் சொன்னார்: "பட்டாளத்துல நூறு பேர விரட்டுன தொண்ட, தம்பி. எனக்கு இது வந்ததுலேர்ந்து வீட்டுல குசுகுசுன்னுதான் பேசுதாரு. மகளும் அப்படித்தான். நான் உள்ள போனா அந்தப் பேச்சும் நின்னுரும். நாளைக்கு அடுத்த கீமோ. அதுக்கு முன்னால இவரு மனசுல உள்ளத ஒருதடவ வாய் திறந்து சொல்லணும். அதான் இங்கன கூட்டிட்டு வந்தேன்."

எதற்குக் குற்றாலம் என்று எனக்குப் புரியவில்லை. பேரருவிக்கு எதிரே பாலத்தில் அவர்களோடு நின்றதும் புரிந்தது. அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் நான் கண்டதில்லை. அதன் இரைச்சல் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. பசி மறந்துபோனது.

அம்மாள் அருவியில் குளிக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பாலத்திலேயே சாரல் நனைத்தது. கணவர் குடை விரித்தார். அம்மாள் அதைத் தள்ளிவிட்டார். கணவரின் உதடு அசைந்தது.

"கேக்கல!"

மறுபடி அசைந்தது.

"ஒண்ணும் கேக்கலங்க!"

பட்டாளத்துத் தொண்டை அப்போதுதான் திறந்தது. "ஏட்டி, பயமா இருக்கு! நீ இல்லாம நான் என்ன செய்வேன்!"

எண்ணெய் தேய்த்த உடம்போடு குளிக்கப் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கும் பயந்தான்! இதச் சொல்ல இத்தன நாளா ஒமக்கு!"

அவர் அழுதார். அம்மாள் தலைத் துண்டை அவிழ்த்து அவர் முகத்தைத் துடைத்தார். மொட்டைத் தலையில் சாரல் முத்து முத்தாக நின்றது. அருவியை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் ஆட்டோவிலும் ஒன்றாகவே வந்தோம். "நாளைக்கு நானும் உள்ள வருவேன். வராண்டாவுல உக்கார மாட்டேன்!" என்று அவர் முழங்கினார்.

"காது நல்லாத்தான் கேக்கு. மெல்லச் சொல்லுங்க" என்றார் அம்மாள். டிரைவர் சிரித்துவிட்டார்.

என் அப்பா இதே நோயில் கிடந்தபோது நாங்களும் வீடு முழுக்கக் குசுகுசுத்தோம். எங்கள் ஊரில் அருவி கிடையாது.